கிணற்றுக் கல்லா, கிடங்குக் கல்லா?

அந்த மூன்று மாதமும் வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, கற்கள் வைக்கும் மாதிரி அறையில், அலுமாரியின் ஏழாம் லாச்சியை வெளியே இழுக்கிற பிடியில் ஒரு சிட்டிகை முகப்பவுடரைத் தடவிவிட்டுத்தான் போவேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பவுடர் கலைந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். கலைந்தே இருக்கும். சுழலும் விசிறிக்கு அடியில் பவுடர் வேறென்ன செய்யும் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. யாரோ இரகசியமாகத் திறக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாரென்றும் முடிவு செய்துவிட்டேன்.

உயிர்ச்சுவடு பார்ப்பது என் தொழில். கல்லுக்குள் கிடக்கும் பழைய சிப்பி, சங்கு, பவளம், நண்டின் கால் என்று முள்ளந்தண்டில்லாத உயிர்கள்தான் என் பங்குக்கு வந்தவை. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தளத்துக்காரர் ஒருவர் என்னைப் படியில் கண்டால் டைனோசர் ஏதும் அகப்பட்டதா என்று கேட்பார். சிப்பிதான் என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். அவருக்கும் முகம் வாடும், எனக்கும் எரிச்சல் வரும். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தச் சிப்பிகளைப் படிப்பித்தே எனக்குத் தலை நரைத்தது.

ஏழாம் லாச்சியில் இருந்தது என் சிப்பி. கட்டைவிரல் நகமளவுதான். அப்படியொரு சிப்பி இருந்ததென்று உலகத்துக்கு முதலில் எழுதியவள் நான். புதிய இனம் ஒன்றுக்குப் பெயர் வைத்தால், ஒரே ஒரு கல்லை அதற்குச் சாட்சியாக வைத்துவிட வேண்டும். நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தச் சாட்சிக்கல்லைத்தான் வந்து பார்க்க வேண்டும். கல்லோடு ஒரு அட்டை இருக்கும். எங்கே எடுத்தது, எந்த ஆழம், யார் எடுத்தது என்று அதில் எழுதியிருக்கும். அட்டை போனால் கல்லும் போச்சு. பிறகு காற்றில் பேப்பர் பறக்காமல் வைக்கத்தான் அது உதவும்.

யாழ்ப்பாணத்தில் செம்மண்ணைக் கொஞ்சம் கிளறினால் போதும், கீழே சுண்ணக்கல். வீடு கட்டக் கல் வெட்டுகிற ஆழமில்லாத கிடங்குகளில் கிடைப்பது மேல்தட்டுக் கல், வயதில் இளையது. புதிதாகக் கிணறு தோண்டும்போது அடியிலிருந்து வருவது மூத்த கல். என் சிப்பி கிணற்றின் அடியிலிருந்து வந்தது. அதனால் அந்தச் சிப்பிக் குடும்பத்திலேயே வயதில் மூத்தது அதுதான் என்று எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் என் கலாநிதிப் பட்டம், என் கட்டுரைகள், வெளிநாட்டு மாநாடுகளில் பத்து நிமிடப் பேச்சு எல்லாம் வந்தன. கடைசியாகப் பேராசிரியர் பதவிக்குப் போட்ட விண்ணப்பமும் அதை வைத்துத்தான். அது கிடங்குக் கல் என்றால் மூப்பும் இல்லை, புதுமையும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சிப்பியின் கொஞ்சம் கோணலான தம்பி, அவ்வளவுதான்.

நேர்முகத்துக்குத் திகதி வருமென்று காத்திருந்த நேரத்தில்தான் அவள் எங்கள் துறைக்கு வந்தாள். கொட்டாஞ்சேனைக்காரி. தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். முப்பத்தைந்து தாண்டியவள், எனக்கு மாணவியும் அல்ல. வேறிடத்தில் படித்துப் பட்டம் வாங்கி, தகுதிகாண் காலத்து விரிவுரையாளராக வந்தவள். தூசியளவு சிறிய கடலுயிர்களின் ஓடுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, கல்லின் வயதைச் சொல்வது அவளுடைய வேலை. ஆளை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் பல சொல்லியிருப்பேன். உண்மைக் காரணம் அவள் "ஆமாங்க மேடம்" என்ற அந்தத் தோட்டத்துப் பேச்சுதான். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் மேட்டிமையை ஊரிலேயே விட்டுவிட்டு வருவதில்லை, கொழும்புக்குப் பெட்டியோடு கொண்டுவருவோம். நான் மட்டும் விலக்கா என்ன?

வந்து சில வாரத்தில், உங்கள் சிப்பியின் அடியில் ஒட்டியிருக்கிற சுண்ணாம்பில் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாளாம். நானும் தலையை ஆட்டினேனாம். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது யார் எதைக் கேட்டாலும் நான் தலையாட்டுவேன், எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு நாள் பின்னேரம் ஒரு கண்ணாடித் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். சுண்ணாம்பில் இருந்த சிறு ஓடுகள் அத்தனையும் மேல்தட்டுக் கல்லில் மட்டும் வருகிற வகை, கிணற்றின் அடியில் அவை இருக்க வழியில்லை என்றாள். கண்ணாடித் தகட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கும் அந்த ஓடுகளைத் தெரியும். அவள் சொன்னது சரி.

மனம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஓடு சரியென்றால் கல் பிழை. என் கல்லை எடுத்துவிட்டு அதே மாதிரி வேறொன்றை யாரோ வைத்திருக்கிறார்கள். லாச்சிப் பூட்டின் திறப்பு இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒன்று என் கைப்பையில், மற்றது அவளிடம்.

அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் அத்தாட்சிதான். நான் வந்தால் அவள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்துகிறாள். துறைத்தலைவர் அவளோடு நின்று தேநீர் குடிக்கிறார், என்னோடு குடித்து எத்தனை நாளாயிற்று? அவள் கைப்பை முந்தாநாள் இருந்ததைவிடப் பாரமாகத் தொங்குகிறது. கல்லை மாற்றி அவளுக்கு என்ன லாபம் என்றும் யோசித்து வைத்தேன். என் சிப்பியைப் பொய்யாக்கினால் அந்த ஒரு கட்டுரையிலேயே அவள் பெயர் எடுத்துவிடலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

என்னோடு இருப்பவள் என் அக்கா. வங்கியில் வேலை செய்து இளைப்பாறியவள். பவுடர் டப்பா ஏன் இப்படி மளமளவென்று முடிகிறது என்று அவள் கேட்டபோது விசயத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விடைத்தாள் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். இரண்டாம் தரம் திருத்துவதற்கு அவளிடம் கொடுக்க வேண்டும் என்பது சாட்டு. அக்கா கதவடியில் நின்று பார்த்தாள்.

"திங்கட்கிழமை கந்தோரில குடுக்கிறதுக்கு என்ன? உன்ர மூஞ்சியில பொலிஸ் எண்டு எழுதி ஒட்டியிருக்கு, போற வழியில துடைச்சுக்கொண்டு போ."

கோட்டையில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். கோயில் வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், இரண்டு அறையும் ஒரு கூடமுமான வீடு. அவளுடைய தாய் "வாங்கம்மா, ஒக்காருங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டு, இஞ்சி தட்டிய தேநீர் கொண்டுவந்தார். நான் கதிரையில் உட்காருமுன்பே கண்ணாடி அலுமாரியைப் பார்த்துவிட்டேன். பரிசுக் கோப்பைகளுக்கும் பொம்மைக்கும் நடுவில் ஒரு கல். தண்ணீர் கேட்கிற சாக்கில் எழும்பிப் போய்க் கிட்டப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி போட்ட மலைநாட்டுக் கருங்கல். அவர்கள் இருந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டு வாசலில் கிடந்ததாம், வரும்போது தகப்பன் எடுத்து வந்தாராம். கல்லை இவ்வளவு பகிரங்கமாக வைக்கிற வீட்டில் கல்லை ஒளிப்பார்களா என்று ஒரு நியாயமான ஆள் யோசித்திருப்பார். எனக்கோ, கல் சேர்க்கிற குணம் இவளுக்குப் பரம்பரையிலேயே இருக்கிறது என்று தோன்றியது.

திரும்பும்போது அவள் பஸ் தரிப்பு வரை கூட வந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீதியைக் கடக்கிற இடத்தில் நின்று, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கல்லு மாறலைங்க மேடம். எடந்தான் மாறியிருக்கு."

எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. இடத்தை அட்டையில் எழுதியவள் நான். அப்படியென்றால் நான் பொய் எழுதினேன் என்கிறாளா? பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரை அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப மனதில் போட்டுக் காய்ச்சினேன். மறுநாள் காலையில் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். என் சாட்சிக்கல் மாற்றப்பட்டிருக்கிறது, அது நடந்த காலத்தில் இரண்டாவது திறப்பு இன்னாரிடம் இருந்தது, விசாரிக்க வேண்டும் என்று. மிகவும் மரியாதையான ஆங்கிலத்தில், ஒரு எழுத்துப்பிழை இல்லாமல். அவர் வாசித்துவிட்டு, நிச்சயம்தானா என்று இரண்டு தரம் கேட்டார். நிச்சயம் என்றேன். கடிதம் பீடாதிபதிக்குப் போனது. அவளுடைய பதவியை நிரந்தரமாக்குகிற கோப்பு அந்த மாதம் கையெழுத்தாக இருந்தது. விசாரணை முடியும்வரை அதை நிறுத்தி வைத்தார்கள்.

விசாரணைக்கு என்னிடம் அத்தாட்சி கேட்பார்கள் அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தேன். பட்டத்துக்காகச் சிப்பியை நான்கு பக்கமும் படம் எடுத்து, அந்தப் படங்களை பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வீட்டு அலுமாரியில் வைத்திருந்தேன். பழைய படத்தையும் இப்போதிருக்கும் கல்லையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பல்லைக் காட்டிவிடும். பௌர்ணமிப் போயா விடுமுறை நாளன்று, சாப்பாட்டு மேசையை ஒதுக்கி, படங்களைப் பரப்பினேன். லாச்சியில் இருந்த கல்லை முதல் நாளே கைத்தொலைபேசியில் பெரிதாகப் படம் எடுத்து வந்திருந்தேன். சிப்பியின் மேலிருந்த வரியை எண்ணினேன். சரியாக இருந்தது. விளிம்பைப் பார்த்தேன். பொருத்துக்குக் கிட்ட ஒரு சின்ன வட்டத் துளை, எந்தக் காலத்திலோ ஒரு சங்கு இந்தச் சிப்பியைத் துளைத்துத் தின்ற அடையாளம், இரண்டிலும் இருந்தது. போகட்டும், ஒரே மாதிரித் துளை எத்தனையோ சிப்பியில் இருக்கும். ஐந்தாம் வரியைப் பார்த்தேன். கல்லைச் சுத்தம் செய்யும்போது என் ஊசி வழுக்கிப் பெயர்த்த சிறு செதில். பழைய படத்திலும் அதே செதில், அதே சாய்வு. என் கைத்தவறை இன்னொருத்தி வேறொரு கல்லில் செய்து வைத்திருக்க முடியாது.

கல் மாறவில்லை. அப்படியானால் அவள் சொன்ன மற்றது? கதிரையில் உட்கார்ந்தபடி, இருபது வருடத்துக்கு மேலாக நான் ஒரு தரமும் சந்தேகிக்காத அரை மணித்தியாலம் ஒன்றை நினைத்தேன்.

போர் நிறுத்தியிருந்த சமாதான காலம். பாதை திறந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுகிற இடங்களிலும் கிடங்குகளிலுமாக இரண்டு வாரம் அலைந்து, கற்களைத் துணிப்பைகளில் கட்டி பஸ்ஸில் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். எடுத்த இடத்திலேயே ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பூச்சுப் பூசி, கறுப்பு மையில் எண் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த பாடம் இது. நான் எழுதவில்லை. மறதியாலும் அல்ல, சோம்பலாலும் அல்ல. எண் எழுதிய கற்களோடு ஒரு தமிழ்ப் பெண் சோதனைச் சாவடியில் இறங்கினால் என்ன நினைப்பார்கள்? இது என்ன இரகசியக் குறி, எந்த இடத்துக்கு எந்த எண் என்று கேட்டால் நான் கடலைப் பற்றியும் சிப்பியைப் பற்றியும் சொல்லி யார் நம்புவது? மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். ஆகவே கற்களை எண் இல்லாமல் விட்டு, ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் மட்டும் போட்டேன்.

சாவடியில் ஒரு இளம் சிப்பாய் பைகளைத் தொட்டுப் பார்த்து "மே மொனவாத?" என்று இது என்னவென்று கேட்டான். கல் என்றேன். அவன் கெட்டவன் அல்ல. தங்கள் வீடும் கடற்கரையில்தான், அம்மா சிப்பி பொறுக்கி வைப்பார் என்றுகூடச் சொன்னான். சொல்லிக்கொண்டே எல்லாப் பைகளையும் மேசையில் கொட்டினான். கற்கள் உருண்டு ஒன்றோடொன்று கலந்தன. துண்டுத்தாள்களில் பாதி நிலத்துக்குப் பறந்தன. பின்னால் வரிசை நீண்டு நின்றது, யாரோ சிங்களத்தில் கெதியாக, சீக்கிரமாக என்றார்கள். ஒவ்வொரு கல்லாக எடுத்து, இது அங்கே கிடைத்தது, இது இங்கே கிடைத்தது என்று நினைவை நம்பிப் பைகளில் போட்டேன். பஸ் புறப்பட்டபோது ஒரு கல்லும் குறையவில்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். கொழும்புக்கு வந்து அட்டைகளை அழகான எழுத்தில் எழுதினேன். அந்தச் சிப்பாயை, பஸ் நடத்துநரை, பக்கத்துச் சீட்டில் இருந்த பெண்ணை எல்லாம் சந்தேகப்பட்ட நான், என் நினைவை மட்டும் சந்தேகப்படவில்லை.

அக்காவிடம் சொன்னேன். படங்களை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். இந்தப் படங்களை வேறு யாரும் பார்த்ததில்லை, டின்னை மூடி வைத்தால் யாருக்கும் தெரியாது, நேர்முகம் அடுத்த கிழமை என்று நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளையின்ர வேலை போனாப் போகட்டும் எண்டு நினைக்கிறாய்."

இல்லை என்று கத்தினேன். ஆனால் அதைத்தான் நினைத்தேன். அன்று முழுவதும் அதைத்தான் நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் வேலை போனால் அவளுக்கு வேறு வேலை கிடைக்கும், கெட்டிக்காரிதானே என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொன்னேன். அவள் கெட்டிக்காரி என்று நான் ஒப்புக்கொண்டது அன்றுதான் முதல் தடவை. அது எனக்கே உறைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் என்னைத் தள்ளியது நல்ல மனம் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாய் கதிரையைத் துடைத்துப் போட்டது கண்ணை விட்டுப் போகவில்லை. அதுதான் காரணம்.

விசாரணைக்கு பீடாதிபதி, துறைத்தலைவர், நான், அவள். கல்லையும் பழைய படங்களையும் மேசையில் வைத்து, இது என் கல்தான், யாரும் மாற்றவில்லை, சாவடியில் நான்தான் இடத்தை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன். துறைத்தலைவர் அதிகம் பேசாத மனிதர். அப்படியென்றால் அந்தக் கடிதத்தை ஏன் எழுதினீர்கள் என்று மட்டும் கேட்டார். பயத்தில் எழுதினேன் என்றேன். பேராசிரியர் விண்ணப்பத்தை மீளப் பெறுவதாகவும் சொன்னேன். கடிதம் திரும்பி என் கைக்கு வந்தது. அவளுடைய கோப்பு அன்றே மேலே போனது.

வெளியே வந்தபோது எனக்குள் ஒரு பெருமிதம்கூட இருந்தது, மறைக்கத் தேவையில்லை. பதவி போனால் என்ன, உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு சிப்பியைப் பற்றி எழுதியது பிழை என்று சஞ்சிகைக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் முடிந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு மாதிரி அறைக்குப் போனேன். அவள் அங்கே தனியாக இருந்தாள். நான் பிழை செய்துபோட்டன் என்று சொன்னேன். அவள் சரிங்க மேடம் என்றாள். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறொன்று.

"அன்னைக்கு மேசையில கொட்டினது மொத்தம் எத்தனை பைங்க மேடம்?"

விசாரணையில் ஒரு கல்லைப் பற்றித்தான் பேசினோம். நானும் ஒரு கல்லைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சிப்பாய் ஒரு பையையா கொட்டினான்?

"பதினொண்டு," என்றேன்.

அவள் திரும்பி அலுமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஏழாம் லாச்சி மட்டும் அல்ல. மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை லாச்சி முழுவதும் அந்தப் பயணத்துக் கற்கள்தான். அவற்றை வைத்து நான் எழுதிய கட்டுரைகள், அந்தக் கட்டுரைகளை நம்பி எங்கோ இருப்பவர்கள் எழுதிய கட்டுரைகள். எந்த அட்டை சரி, எந்த அட்டை பிழை என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கல்லின் அடியிலும் சுரண்டிப் பார்த்தால் எது மேல்தட்டு, எது கிணற்றடி என்று பிரித்துவிடலாம், இரண்டு வருடம் பிடிக்கும் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். தானே செய்வதா, இல்லை நான் செய்கிறேனா என்றும் கேட்டாள். அந்தக் கேள்வியைக்கூட ஒரு கணம் சந்தேகித்தேன். இரக்கத்தில் கேட்கிறாளா, என் முழு வாழ்க்கையையும் தன் கைக்கு எடுக்கப் பார்க்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு அது தெரியாது. என் கைப்பையிலிருந்த திறப்பையும் எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"நீங்களே செய்யுங்கோ. நான் செய்தா, நானே நம்பமாட்டன்."